மர வளையத்தை எண்ணினால் போதுமா?



இந்த இடுகையை ஒரு குற்ற ஒப்புதலோடு தொடங்குகிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு, ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் தன் கண்ணால் கண்டு எழுதிய எண்ணை அழித்துவிட்டு, தான் காணாத வேறோர் எண்ணை எழுதினான். அந்தப் பொய்க்கு நான் சிவப்பு மையால் ‘சரி’ என்று குறியிட்டேன். அந்தக் குறி இன்றும் என் மனத்தை உறுத்திக்கொண்டிருக்கிறது.

நடந்தது இதுதான். ‘மரத்தின் வயதை எவ்வாறு அறியலாம்?’ என்னும் வினாவுக்கு, ‘அடிமரத்தைக் குறுக்காக வெட்டி, வளையங்களை எண்ணி அறியலாம்’ என்பது நாம் எல்லாரும் சொல்லிக்கொடுக்கும் விடை. நானும் அப்படியே சொல்லிக்கொடுத்தேன். மறுவாரம் அம்மாணவன் கித்தா மரத்துண்டு ஒன்றைச் சுமந்துகொண்டு வகுப்புக்கு வந்தான். சிம்பாங் பூலாய்க்கு அப்பால் அவனுடைய தாத்தாவுக்கு இருந்த சிறு நிலத்தில் பழைய பால்மரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். நட்ட ஆண்டு 1994, வெட்டிய ஆண்டு 2019 என்று தாத்தா உறுதியாகச் சொல்லியிருந்தார். ஆக, மரத்தின் வயது 25. ஆனால், மரத்துண்டில் ஒரு பக்கம் எண்ணினால் 38 கோடுகள். மறுபக்கம் எண்ணினால் 31.

“ஐயா, மரம் தப்பா சொல்லுதா, தாத்தா தப்பா சொல்றாரா?” என்று கேட்டான்.

நல்ல ஆசிரியனாக இருந்திருந்தால் அன்றைய பாடத்தை அப்படியே நிறுத்திவிட்டு, அந்தக் கேள்வியைக் கரும்பலகையில் எழுதியிருக்க வேண்டும். நானோ, “நீ ஒழுங்காக எண்ணவில்லை, மறுபடியும் எண்ணு” என்றேன். மூன்று முறை எண்ணினான். மூன்று முறையும் 25 வரவில்லை. மணி அடிக்கப் போகும் நேரத்தில் அழிப்பானை எடுத்து எழுதியதை அழித்துவிட்டு, 25 என்று எழுதி என்னிடம் நீட்டினான். நான் ‘சரி’ போட்டேன்.

அறிவியல் பாடத்தில் ஒரு சிறுவனுக்குக் கள்ளக்கணக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவன் நான். என் ஐயம் என்னவென்றால், இந்தக் குற்றத்தில் நான் மட்டும் தனித்து நிற்கவில்லை என்பதுதான்.

மரமும் பொய் சொல்லவில்லை, தாத்தாவும் பொய் சொல்லவில்லை

அன்று நான் அறியாதிருந்த செய்தி மிக எளியது. மரம் ஆண்டுக்கொரு வளையம் போட வேண்டுமானால், ஆண்டுக்கொரு முறை அதன் வளர்ச்சி நிற்க வேண்டும். குளிர்நாடுகளில் இளவேனிலில் மரம் விரைந்து வளரும்போது உண்டாகும் கட்டை வெளிறியும் மென்மையாகவும் இருக்கும். கோடை முடியும் வேளையில் உண்டாகும் கட்டை அடர்ந்து கறுத்திருக்கும். பிறகு பனிக்காலம் வந்து வளர்ச்சி நின்றுவிடும். வெளிறிய பட்டையும் கறுத்த பட்டையும் சேர்ந்தது ஓராண்டு. கால்நடைக் கணக்கைச் சுவரில் கோடு போட்டு வைப்பதுபோல, குளிர்காலம்தான் மரத்துக்குக் கோடு போட்டுக் கொடுக்கிறது.

நம் ஈப்போவில் எந்தக் குளிர்காலம் வந்து கோடு போடப் போகிறது? நிலநடுக்கோட்டிலிருந்து ஐந்து பாகைகூட இல்லாத இடம் இது. ஆண்டு முழுதும் வெயிலும் மழையும் மாறி மாறி வருகின்றன. கித்தா மரம் ஆண்டின் தொடக்கத்தில் இலையுதிர்ப்பது உண்மைதான். ஆயினும், அதன் கட்டையில் தெரியும் கோடுகள் அனைத்தையும் ஆண்டுக்கு ஒன்று என்று நம்ப இயலாது. நீண்ட வறட்சி வந்தாலும், சாய்ந்து வளர்ந்தாலும் கட்டையில் வளையம் போலத் தோன்றும் கோடுகள் உண்டாகும். ஆகவே 38 என்று அம்மாணவன் எண்ணியதும் சரி. 25 என்று தாத்தா சொன்னதும் சரி. பிழை நான் கொடுத்த விடையில் இருந்தது.

நம் பேராக் மாநிலத்திலேயே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. 1877ஆம் ஆண்டில் கோலக்கங்சாரில் நடப்பட்ட ஒன்பது கித்தாக் கன்றுகளில் ஒன்று எனப் போற்றப்படும் முதுமரத்தைப் பலரும் மாணவர்களை அழைத்துச் சென்று காட்டியிருப்போம். அதன் வயது நமக்கு எப்படித் தெரியும்? வளையத்தை எண்ணியா? இல்லை, நட்டவர்கள் எழுதி வைத்ததால் தெரியும்.

வெப்பநாட்டு மரங்கள் எல்லாமே ஊமை என்றும் கருதிவிடக் கூடாது. தேக்கு மரம் வறண்ட பருவத்தில் இலையுதிர்த்து ஓய்வெடுக்கும் இடங்களில் தெளிவான ஆண்டு வளையம் போடுகிறது. கேரளத்துத் தேக்கு மரங்களில் 523 ஆண்டு வளையப் பதிவைத் தொகுத்து, பருவமழை பொய்த்த ஆண்டுகளை அதில் அடையாளம் கண்டு, புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2010ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். எந்த மரம், எந்த மண், எந்தப் பருவம் என்று கேட்காமல் ‘வளையத்தை எண்ணு’ என்று மட்டும் சொல்வது பாதிப் பாடம். பாதிப் பாடம் சில வேளைகளில் முழுப் பொய்யாகிவிடுகிறது.

பனியாற்றங்கரையில் நிற்கும் சாட்சிகள்

மரவளையம் என்பது வயது பார்க்கும் விளையாட்டன்று என்பதை நான் உணர்ந்தது, இமயமலைப் பனியாறுகளைப் பற்றிப் படித்தபோதுதான்.

கங்கை பிறக்கும் கங்கோத்திரிப் பனியாறு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளமுடையது. அது முடிந்து நீராக வழியும் வாய்க்குக் கோமுகம் என்று பெயர். நடைபயணிகள் அங்குச் செல்லும் வழியில் இரண்டு தங்குமிடங்கள் உள்ளன. ஒன்று சிர்பாசா, மற்றொன்று போஜ்பாசா. சிர் என்பது பைன் மரம். போஜ் என்பது பூர்ச்ச மரம். நம் முன்னோர் பனையோலையில் எழுதியதைப் போல, வடநாட்டார் இந்தப் பூர்ச்ச மரத்தின் பட்டையில்தான் ஏடு எழுதினார்கள். ‘பைன் உறையும் இடம்’, ‘பூர்ச்சம் உறையும் இடம்’ என்று ஊருக்கே மரத்தின் பெயர் வைத்திருக்கிறார்கள். ஏறத்தாழ 3,800 மீட்டர் உயரத்தில், இனிமேல் மரமே முளைக்காது என்னும் எல்லையில் போஜ்பாசாவின் பூர்ச்ச மரங்கள் நிற்கின்றன.

கங்கோத்திரிப் பனியாறு பின்வாங்கிக்கொண்டிருக்கிறது என்பது நாம் அறிந்த செய்தி. எப்படி அறிந்தோம்? 1935ஆம் ஆண்டில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ஜே.பி. ஆடன் என்பவர் அதன் வாய் எங்கே இருக்கிறது என்று அளந்து வரைபடமாக்கினார். அதன் பிறகு பலர் அளந்தார்கள். அடுத்த அறுபது ஆண்டுகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 20 மீட்டர் என்னும் அளவில் அது பின்வாங்கியிருக்கிறது. சரி, 1935க்கு முன்பு? 1835இல் அது எங்கே இருந்தது? 1635இல் அது பெருத்ததா, இளைத்ததா? அன்று அளவுகோலோடு போய் நின்றவர் யாரும் இல்லை. மரங்கள் நின்றன.

மரம் நான்கு வகையாகச் சாட்சி சொல்கிறது.

முதலாவது, இறந்த மரத்தின் சாட்சி. பனியாறு முன்னேறி வரும்போது காட்டுக்குள் புகுந்து மரங்களைச் சாய்த்துப் புதைத்துவிடுகிறது. பல நூற்றாண்டு கழித்துப் பனி உருகும்போது அந்தக் கட்டைகள் வெளியே வருகின்றன. அவற்றின் கடைசி வளையம் எந்த ஆண்டுக்குரியதோ, அந்த ஆண்டில் பனி அந்த இடத்தை எட்டியது என்று பொருள். அலாசுக்காவின் மெண்டன்ஹால் பனியாறு பின்வாங்கியபோது, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட அடிமரங்கள் வேரோடு நின்றபடியே வெளிப்பட்டன. சுவிட்சர்லாந்தின் அலெட்ச் பனியாற்றின் வரலாற்றை இத்தகைய மரக்கட்டைகளைக் கொண்டு மூவாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பின்னோக்கி எழுதியிருக்கிறார்கள்.

இரண்டாவது, காயம்பட்ட மரத்தின் சாட்சி. இதை விளக்க எனக்கு இமயமலை தேவையில்லை. என் தந்தையார் போதும். அவர் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் நெற்றி விளக்கோடு நிரைக்குள் இறங்குவார். பட்டையை எவ்வளவு ஆழம் சீவினால் பால் வரும், எவ்வளவுக்கு மேல் போனால் மரம் காயம்படும் என்பது அவருடைய கைக்குத் தெரியும். பட்டைக்கும் கட்டைக்கும் இடையே மெல்லிய உயிர்ப்படலம் ஒன்று இருக்கிறது. அதில் கத்தி பட்டுவிட்டால் மரம் அந்த இடத்தில் முண்டும் முடிச்சுமாகப் புடைத்துக்கொள்ளும். கங்காணியின் வசவும் கிடைக்கும். ‘இந்தக் காயம் நான் போட்டதில்லை, எனக்கு முன்னால் இந்த நிரையில் வெட்டினவர் போட்டது’ என்று புடைப்பைப் பார்த்தே சொல்வார் அப்பா. மரவளையத்தை உருவாக்குவதும் அதே உயிர்ப்படலம்தான். பனியாறு தள்ளிவரும் பாறை ஒரு மரத்தில் மோதினால் மோதிய இடத்தில் அந்தப் படலம் செத்துவிடும். மரம் சுற்றிலுமிருந்து வளர்ந்து காயத்தை மூட முயலும். காயத்துக்கு வெளியே எத்தனை வளையங்கள் உள்ளன என்று எண்ணினால், மோதிய ஆண்டு தெரிந்துவிடும். மரம் சாய்ந்துபோனாலும் அந்த ஆண்டு முதல் வளையம் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் போகும். தோட்டத்துப் பாட்டாளி பட்டையில் படித்த பாடத்தை ஆய்வாளர் கட்டையில் படிக்கிறார். அவ்வளவுதான் வேறுபாடு.

மூன்றாவது, புதிதாய்க் குடிவந்த மரத்தின் சாட்சி. பனியாறு பின்வாங்கும்போது, தான் தள்ளிவந்த கல்லையும் மண்ணையும் மேடாக விட்டுச்செல்கிறது. வெறும் கல்மேட்டில் சில ஆண்டுகள் கழித்து விதை விழுந்து மரம் முளைக்கிறது. அம்மேட்டின் மிக மூத்த மரத்துக்கு 150 வயது என்றால், பனி அங்கிருந்து போய்க் குறைந்தது 150 ஆண்டுகள் ஆகிவிட்டன என்று கொள்ளலாம்.

நான்காவது, அயல்வீட்டுக்காரரின் சாட்சி. பனியாற்றை மரம் தொடவே இல்லை; ஆனால் இரண்டும் ஒரே பள்ளத்தாக்கில் ஒரே வெயிலையும் ஒரே பனிப்பொழிவையும் அனுபவிக்கின்றன. பனியாறு என்பது வங்கிக் கணக்கு போன்றது. குளிர்காலப் பனிப்பொழிவு வரவு; கோடைக்கால உருகல் செலவு. அதே வரவும் செலவும் மரத்தின் வளர்ச்சியையும் கூட்டிக் குறைக்கின்றன. ஆகவே, கடந்த சில பத்தாண்டுகளில் மனிதர் நேரில் அளந்த பனிக்கணக்கையும் அதே ஆண்டுகளின் மரவளையத்தையும் ஒப்பிட்டு, இரண்டுக்கும் உள்ள உறவை முதலில் உறுதிசெய்கிறார்கள். பிறகு அந்த உறவைக் கொண்டு, அளவே இல்லாத பழங்காலத்துக்குக் கணக்கு எழுதுகிறார்கள். மேற்கு இமயமலைப் பனியாறுகளுக்கு 1615ஆம் ஆண்டு முதலான பனிக்கணக்கை இவ்வாறு மீட்டெடுத்து 2017ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். 1615 என்றால் மலாக்கா போர்த்துகீசியர் கையில் இருந்த காலம்! அன்று இமயத்தில் விழுந்த பனிக்கும் கணக்கு இருக்கிறது. மரம் எழுதி வைத்திருக்கிறது.

சாட்சியை விசாரிப்பதே அறிவியல்

இவ்வளவும் வியப்பூட்டும் செய்திகள்தாம். ஆனால், வியப்பூட்டுவதற்காக நான் இதை எழுதவில்லை. நான் சொல்ல வந்தது இனிமேல்தான் இருக்கிறது.

இந்த ஆய்வாளர்களில் எவரும் ஒரு மரத்தை நம்புவதில்லை. ஒரு மரம் வளையம் போடாமல் ஓராண்டைத் தாண்டிவிடலாம். ஒரே ஆண்டில் இரண்டு போலக் காட்டலாம். ஆகவே பல மரங்களிலிருந்து பென்சிலை விட மெல்லிய துண்டுகளை உள்ளீடற்ற துளைக்கருவியால் எடுக்கிறார்கள். மரத்தை வெட்டுவதில்லை என்பதைக் கவனியுங்கள். பிறகு ஒரு மரத்தின் தடித்த வளையம், மெலிந்த வளையம் ஆகியவற்றின் வரிசையை இன்னொரு மரத்தின் வரிசையோடு பொருத்திப் பார்க்கிறார்கள். எல்லா மரத்திலும் ஒரே ஆண்டில் ஒடுங்கிய வளையம் இருந்தால் அந்த ஆண்டு உறுதி. ஒரு மரத்தில் மட்டும் விடுபட்டிருந்தால், அது அந்த மரத்தின் குறை. இம்முறையை நிலைநாட்டியவர் ஏ.இ. டக்ளசு என்னும் அமெரிக்க வானியலாளர். கதிரவனின் கரும்புள்ளிகள் மழையை மாற்றுகின்றனவா என்று தேடப்போய் பைன் மரத்தைப் படிக்கத் தொடங்கியவர். 1937ஆம் ஆண்டில் அரிசோனாவில் மரவளைய ஆய்வகத்தை நிறுவினார். நூறாண்டுக்கு மேலான இந்தத் துறையின் உயிர்நாடி எண்ணுவது அன்று, ஒப்பிடுவது.

லக்னோவில் பீர்பால் சகானி பெயரில் 1946இல் தோன்றிய தொல்தாவரவியல் ஆய்வு நிறுவனம் இமய மரங்களைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறது. அந்நிறுவனத்தின் அமலவா பட்டாச்சார்யாவும் உடனாய்வாளர்களும் போஜ்பாசாவின் பூர்ச்ச மரங்களைப் பற்றி 2006ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அதன் தலைப்பு என்ன தெரியுமா? அது ஒரு கேள்வி! இமயப் பனியாறுகளின் ஏற்ற இறக்கத்தை ஆராயப் பூர்ச்ச மரத்தின் வளையங்கள் பயன்படுமா என்று கேட்பதே அந்தத் தலைப்பு.

வாழ்நாளெல்லாம் மரவளையத்தைப் படித்தவர்கள் கேள்விக்குறி போடுகிறார்கள். ஒரு மரத்துண்டைக்கூட உருப்பெருக்கியில் பார்த்திராத நான் முற்றுப்புள்ளி வைத்தேன். ஐந்தாம் ஆண்டு மாணவன் அந்த ஆய்வாளர்களின் பக்கம் நின்றான். ஆசிரியனாகிய நான் எதிர்ப்பக்கம் நின்றேன்.

இது வெறும் மனவருத்தமாக முடிந்துவிடக் கூடிய செய்தியன்று. விசாரிக்காமல் நம்பினால் என்ன நேரும் என்பதை உலகமே ஒருமுறை பார்த்தது. 2007ஆம் ஆண்டில் ஐ.நா.வின் பருவநிலை மாற்றக் குழு வெளியிட்ட அறிக்கையில், இமயப் பனியாறுகள் 2035க்குள் மறைந்துவிடும் வாய்ப்பு மிகுதி என்று ஒரு வரி இடம்பெற்றது. அது எந்த அளவீட்டிலிருந்தும் வந்த எண் அன்று. ஒருவர் எழுதியதை இன்னொருவர் எடுத்தெழுதி, அதை வேறொருவர் எடுத்தெழுதியதால் உள்ளே நுழைந்த எண். 2010ஆம் ஆண்டு சனவரியில் அக்குழுவே அந்த வரி தவறு என்று வருத்தம் தெரிவித்தது. ஆயிரக்கணக்கான பக்கங்களில் ஒரு வரிதான். ஆனால், அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு ‘பனி உருகுவதே கட்டுக்கதை’ என்று கூச்சலிட்டவர்கள் எத்தனை பேர்!

இன்று நம் பெற்றோர்களின் புலனக் குழுக்களில் இரண்டு வகைச் செய்திகளும் வருகின்றன. ‘பத்தாண்டில் கங்கை வறண்டுவிடும்’ என்பது ஒன்று. ‘பனியாறு எக்காலத்திலும் கூடிக் குறைந்துதான் வந்திருக்கிறது, இதில் அஞ்ச ஒன்றுமில்லை’ என்பது மற்றொன்று. மரங்களைக் கேட்டால் இரண்டு பேருக்கும் விடை சொல்லும். பனியாறு பழங்காலத்திலும் கூடிக் குறைந்தது உண்மை. உலகின் வடகோடியில் குளிர் மிகுந்திருந்த நூற்றாண்டுகளின் பிற்பகுதியிலேயே மேற்கு இமயப் பனி குறிப்பிடத்தக்க அளவு குறைந்திருக்கிறது என்று 2017ஆம் ஆண்டு ஆய்வும் கூறுகிறது. அதே ஆய்வுதான், அண்மைய ஐம்பதாண்டு இழப்பு கடுமையானது என்றும், இயற்கைக் காரணங்களோடு மனிதரால் விளைந்த வெப்பமும் அதில் சேர்ந்திருக்கிறது என்றும் கூறுகிறது. பாதியை மட்டும் எடுத்துக்கொள்பவன், 31ஐ மட்டும் எண்ணிவிட்டு மறுபக்கத்தைத் திருப்பிப் பார்க்காதவனைப் போன்றவன்.

மூன்று சாக்குகள்

இதைப் பேசும்போதெல்லாம் மூன்று மறுப்புகள் எழுகின்றன. அவற்றை மறுப்பு என்று சொல்வதைவிடச் சாக்கு என்று சொல்வதே பொருந்தும்.

“இது தேர்வுக்கு வராது” என்பது முதற்சாக்கு. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டது. தேர்வு போன பிறகும் தேர்வுப் பயிற்றியின் பழக்கம் போகவில்லையே! வினாவும் விடையும் இரட்டைப் பிள்ளைகளைப் போல அச்சாகி வருகின்றன. நாம் அவற்றை ஒட்டுகிறோம். பெற்றோர்களும் இதில் பங்காளிகள். பிள்ளையின் நோட்டுப் புத்தகத்தில் ‘சரி’ எத்தனை என்று எண்ணுகிறீர்கள். என்ன கேள்வி கேட்டாய் என்று வினவுகிறீர்களா?

“இமயமலைப் பனி நம் பிள்ளைகளுக்கு எதற்கு?” என்பது இரண்டாம் சாக்கு. நம் நாட்டிலேயே கினபாலு மலையுச்சியில், பனியூழிக் காலத்துப் பனியாறு தேய்த்து வழவழப்பாக்கிய பாறைகள் உள்ளன. அயல்நாடான இந்தோனேசியாவின் பப்புவாவில், புஞ்சாக் ஜெயா மலையில் எஞ்சியிருந்த பனியும் நம் கண்முன்னே மறையும் நிலைக்கு வந்துவிட்டது. பனி உருகினால் கடல் உயரும். கடல் லுமுட்டையும் பங்கோரையும் விட்டுவைக்குமா? தொலைவில் இருப்பது நம்மைத் தொடாது என்பவர், இலண்டனில் இறங்கிய கித்தா விலைதான் தம் பாட்டனின் அடுப்பை அணைத்தது என்பதை மறந்தவர்.

“தமிழில் இதையெல்லாம் சொல்ல முடியாது” என்பது மூன்றாம் சாக்கு. எனக்கு மிகுந்த சினமூட்டுவது இதுதான். 2003ஆம் ஆண்டில் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் என்று ஆனபோது நான் இளம் ஆசிரியன். ‘தமிழில் அறிவியல் தாங்காது’ என்று அப்போது சொன்னவர்கள், அந்தத் திட்டம் கைவிடப்பட்ட பிறகும் அதையே சொல்கிறார்கள். இந்த இடுகையில் வளையம், பனியாறு, காயம், கல்மேடு, வரவு செலவு, சாட்சி, ஒப்பிடுதல் ஆகிய சொற்களைக் கொண்டே ஒரு துறையின் அடிப்படையைச் சொல்லியிருக்கிறேன். இவற்றில் எந்தச் சொல் உங்கள் பிள்ளைக்குப் புரியாது? குறை மொழியில் இல்லை. நாமே புரிந்துகொள்ளாத ஒன்றை எந்த மொழியிலும் விளக்க முடியாது.

என்ன செய்யலாம்?

குறை சொல்லி முடிப்பது ஆசிரியனுக்கு அழகன்று. என் வகுப்பில் இப்போது நான் செய்வதைச் சொல்கிறேன்.

1. ஐந்து தாள்பட்டைகளில், ஐந்து மரங்களின் வளையங்களைப் போல, தடித்தும் மெலிந்தும் கோடுகள் வரைந்து வைத்திருக்கிறேன். ஒன்றில் ஒரு கோட்டை வேண்டுமென்றே விட்டுவிடுவேன். மாணவர்கள் குழுவாகப் பட்டைகளை நகர்த்தி நகர்த்திப் பொருத்தி, எந்த மரம் எந்த ஆண்டை விட்டது என்று கண்டுபிடிக்க வேண்டும். செலவு பத்துக் காசு. ஒருமுறை செய்து பாருங்கள். வகுப்பில் எழும் ஆரவாரத்தைக் கேளுங்கள்.

2. மரத்துண்டு கொண்டுவரும் மாணவனிடம், எண்ணிக்கையோடு ‘இந்த எண்ணை எவ்வளவு நம்பலாம், ஏன்?’ என்ற இரண்டாம் கேள்வியையும் கேட்கிறேன். 38க்கும் 25க்கும் இடையே உள்ள வேறுபாட்டை எழுதுபவனுக்கே முழுப் புள்ளி.

3. தாத்தா பாட்டியரை வகுப்புக்கு அழைக்கிறேன். பால்மரத்தின் காயத்தைப் பற்றி அவர்கள் சொல்வதைக் கேட்ட பிறகு, பனியாறு போட்ட காயத்தை விளக்க எனக்கு ஐந்து நிமிடம்கூடத் தேவைப்படுவதில்லை.

4. மார்ச்சு 21ஆம் நாள் அனைத்துலகக் காடுகள் நாள். 2025ஆம் ஆண்டு முதல் அதே நாளை உலகப் பனியாறுகள் நாள் என்றும் ஐ.நா. அறிவித்துள்ளது. காட்டுக்கும் பனியாற்றுக்கும் ஒரே நாள்! அந்த வாரத்துச் சபைகூடலில் பத்து நிமிடம் ஒதுக்கிப் போஜ்பாசாவின் கதையைச் சொல்லலாம்.

5. நம் ஊர்ச் சாட்சியையும் காட்டுங்கள். நம் மரங்கள் ஆண்டுக் கணக்கு எழுதுவதில்லை. ஆனால் சுண்ணாம்புக் குகைகள் எழுதுகின்றன. சரவாக்கில் முலு, புடா மலைக் குகைகளின் சுண்ணாம்புப் படிவுகளிலிருந்து 27,000 ஆண்டு மழை வரலாற்றை 2007ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். சிம்பாங் பூலாயைச் சுற்றி நிற்பவையும் சுண்ணாம்பு மலைகளே. கிந்தா பள்ளத்தாக்கு 2018ஆம் ஆண்டில் தேசியப் புவிப்பூங்காவானது. ஆயினும், பள்ளி வாசலில் நின்றால் மலையை உடைக்கும் வெடியோசை நம் காதில் விழத்தான் செய்கிறது. இமயத்து ஆய்வாளர் மரத்தைச் சாய்க்காமல் பென்சிலளவு துண்டெடுத்துப் படிக்கிறார். நாமோ, யாரும் படித்துப் பார்க்குமுன்பே ஏட்டைப் பொடியாக்கி ஏற்றிவிடுகிறோம். இதையும் பிள்ளைகள் கேள்வியாகக் கேட்கட்டும்.

அண்மையில் ஓர் இரவுச்சந்தையில் அந்த மாணவனைக் கண்டேன். இடைநிலைப்பள்ளியில் படிக்கிறான், என்னைவிட உயரமாகிவிட்டான். “அன்றைக்கு நீ எண்ணியது சரி. நான் சொன்னதுதான் தவறு” என்றேன். கொஞ்ச நேரம் விழித்தவன், நினைவு வந்ததும் சிரித்துவிட்டு, “பரவாயில்லை ஐயா. அந்தக் கட்டையைத் தாத்தா இன்னும் வைத்திருக்கிறார், அதில்தான் உட்காருவார்” என்றான். தாத்தாவின் அனுமதியோடு ஒரு நாள் அதை வகுப்புக்குக் கொண்டுவரப் போகிறேன். இந்த முறை, அதில் எத்தனை கோடுகள் இருக்கின்றன என்று மாணவர்கள் எனக்குச் சொல்லட்டும்.

ஆசிரியர்களே, உங்கள் வகுப்பிலும் பாடநூல் விடைக்கு ஒத்துவராத எண்ணோடு ஒரு பிள்ளை நின்றுகொண்டிருக்கலாம். அழிப்பானை அவன் கையில் கொடுக்குமுன் ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். பெற்றோர்களே, உங்கள் பிள்ளை நாளை அத்தகைய எண்ணோடு வீட்டுக்கு வந்தால், தயவுசெய்து அவனுடைய கணக்கை முதலில் கேளுங்கள்.